பியூஸ் கட்டை அக்கா

மற்ற வீட்டுப் பெண்கள் சாவிக்கொத்து சொருகும் இடத்தில் அக்கா பியூஸ் கட்டையைச் சொருகியிருப்பாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பீங்கான் கட்டை. இரண்டு முனையிலும் பித்தளைக் காது, இடையில் ஒரு கம்பி. வெல்டிங் மிஷினுக்குப் போகிற கரண்டு அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். கட்டை போர்டில் இருந்தால் கடையில் வேலை நடக்கிறது. அக்காவின் இடுப்பில் இருந்தால் அவளுக்கு ஏதோ ஒன்று சரியாகப் படவில்லை. அது மாமாவின் ரப்பர் செருப்பாக இருக்கலாம், பக்கத்து மாடிக் கொடியில் காய்கிற நைலான் துணியாக இருக்கலாம், ஹோல்டர் ஒயரில் தெரியும் ஒரு கீறலாக இருக்கலாம். என்ன என்று நாம் போய்க் கேட்க வேண்டியதில்லை. தெருக்கோடிக்குக் கேட்கும்படி அவளே சொல்லுவாள்.

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"சுவிச்ச யாரு வேணும்னாலும் போட்டுடுவாங்க பாப்பா. இடுப்புல கைய வைக்க எவனுக்கு தைரியம் கீது?" என்றாள்.

அப்போது நான் திருப்பதியில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் பாலசமுத்திரத்துக்குப் பக்கம். கரும்பும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்கத்தான். அக்காவும் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம்தான். பிழைப்புக்காக அவளும் அவள் வீட்டுக்காரர் மாமாவும் திருப்பதியில் வெல்டிங் கடை போட்டிருந்தார்கள். கீழே கடை, மேலே அவர்கள் வீடு, அதற்கும் மேலே ஒரு சிமென்ட் ஷீட் அறை. அந்த அறைதான் எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று நைனா ஒரு மூட்டை வேர்க்கடலையை இறக்கி வைத்துவிட்டு, "எம் பொண்ணு மிஷினு படிக்குதும்மா" என்றார். அந்த வருஷம் கடலை நன்றாக விளைந்திருந்தது. அதைச் சொல்லும்போது எந்தக் குரல் வந்ததோ அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "வெல்டிங்கும் சொல்லித் தருவாங்களா?"

"தருவாங்க" என்றேன் பெருமையாக.

"போச்சுடா. இன்னொண்ணு" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் கையிலிருந்த பெட்டியை அவளே வாங்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அக்கா வெல்டிங் செய்ய மாட்டாள். இரும்பை அறுப்பாள், பெயின்ட் அடிப்பாள், அளவு எடுப்பாள், பேரம் பேசுவாள். வெல்டிங் ராடைப் பிடிக்கிற ஹோல்டரை மட்டும் தொட்டதில்லை. கேட்டால், "எனக்குப் பயம்" என்பாள். வேறு யாராவது இப்படிச் சொன்னால் குரல் இறங்கும். அக்கா சொல்லும்போது ஏறும். எனக்கு நீச்சல் தெரியும், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சிலர் சொல்வார்களே, அந்த மாதிரி, எனக்குப் பயம்.

பயந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அக்காவைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. காலையில் எழுந்ததிலிருந்து அவள் சிரிப்புதான் கேட்கும். காரப்பொரியை முந்தானையில் கொட்டிக்கொண்டு, தின்றுகொண்டே பேசி, பேசிக்கொண்டே தெருவில் போகிற எல்லாரையும் கிண்டல் செய்வாள். பயத்தையும் அதே சந்தோஷத்தோடுதான் பட்டாள்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. மாமாவுக்கு இடது கண் இல்லை.

நான் அங்கே போவதற்கு முன்பே நடந்தது அது. மாமா தெருவிலேயே பெயர்போன வெல்டர். கறுப்புக் கண்ணாடி வைத்த ஷீல்டைக் கையில் பிடித்தால் வேலை ஓடாது என்று, கண்ணை மூடிக்கொண்டே ராடைத் தொட்டுத் தொட்டு டேக் என்கிற பொட்டு ஒட்டு வைக்கிற ஆள். கண் போன அன்றைக்கு வெளிச்சம் ஒன்றும் செய்யவில்லை. வெல்டிங் முடிந்து, மேலே படிந்த கசடைச் சுத்தியால் தட்டும்போது சுடச்சுட ஒரு துணுக்கு தெறித்தது. சும்மா தட்டுவதற்கு எவன் கண்ணாடி போடுவான் என்பது மாமாவின் கட்சி. இடது கண் போனதும் வலது கண்ணும் சிவந்து நீர் வடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அக்கா தெருக்கோடி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மிச்சம் இருக்கிற ஒன்றை மட்டும் காப்பாற்று, இந்த மனுஷன் வருஷா வருஷம் ஜாத்திரையில் பெண் வேஷம் கட்டிக்கொண்டு உன் வாசலுக்கு வருவான் என்று. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண் பிழைத்தது. மாமாவுக்குப் புடவை வந்தது.

"எனக்கு இருக்கிறது ஒத்தக் கண்ணு. மிச்சத்துக்கு இவளுது ரெண்டு இருக்குது" என்று மாமா வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். அவருக்கு இது வேடிக்கை. அக்காவும் சிரிப்பாள். ஆனால் அவர் சுத்தியலை எடுக்கும் சத்தம் கேட்டால் போதும், மாடியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாலும் எட்டிப் பார்த்து, "கண்ணாடி" என்பாள். அந்த ஒரு சொல்லில் மட்டும் சிரிப்பு இருக்காது.

நான் வந்த புதிதில் என் கண்ணும் மாட்டியது. மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து மாமா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலமும் வெள்ளையுமாக அந்த வெளிச்சம் அவ்வளவு அழகாக இருந்தது. அக்கா அன்று கடைத்தெருவுக்குப் போயிருந்தாள், இல்லாவிட்டால் என்னை விட்டிருக்க மாட்டாள். விடியும்போது இமைக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிந்தது. திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. பக்கத்து வீட்டம்மா உருளைக்கிழங்கை நறுக்கிக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, எதிர் வரிசையில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்றாள்.

"கொழந்த பாவம், அது பாலு அதுக்கு வேணும்" என்று அக்கா எல்லாரையும் விலக்கினாள். என்னை ஆட்டோவில் ஏற்றி, கண் ஆஸ்பத்திரி போகும் வரை வழியெல்லாம் திட்டினாள். என்னை மட்டுமில்லை. மாமாவை, மிஷினை, பாலிடெக்னிக்கை, மிஷினைக் கண்டுபிடித்தவனை. டாக்டர் மருந்து எழுதிவிட்டு, ரெண்டு நாளில் சரியாகிவிடும், இனிமேல் வெறும் கண்ணால் பார்க்காதே என்றார். வரும் வழியில் அக்கா கேட்டாள்: "இன்னா பாப்பா சொன்னாரு அவரு, வெளிச்சத்துல இன்னா கீதாம்?"

கட்டுப் போட்ட கண்ணோடே விளக்கினேன். எங்கள் பாடத்தில் அது வந்திருந்தது. வெல்டிங் வெளிச்சத்தில் அல்ட்ரா வயலட் என்று கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கிறது. வெயிலில் தோல் கறுப்பது போல அது கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். மறுநாளிலிருந்து அந்தச் சொல் அவளுடையதாகிவிட்டது. யாராவது கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தால், "அல்ட்ரா வயலட்டு! எங்க வூட்டுல படிக்கிற பொண்ணு சொல்லியிருக்குது, அந்தாண்ட போ" என்பாள். எங்கள் குடும்பத்தில் படித்தவள் நான் ஒருத்தி. என் படிப்பு அந்தத் தெருவில் சட்டமாக அமலுக்கு வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்று சொல்ல என்ன வெட்கம்?

தெருவுக்கு அவள் வைத்திருந்த சட்டம் இன்னொன்றும் உண்டு. மாமா ராடைத் தொடுவதற்கு முன்னால் அக்கா வாசலில் நின்று குரல் கொடுப்பாள்: "திரும்பு! திரகண்டி!" தமிழ்க்காரருக்கு ஒன்று, தெலுங்குக்காரருக்கு ஒன்று. தெரு திரும்பும். எதிரில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டே ஆற்றுவார். பக்கத்தில் முடிவெட்டுகிறவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரை நாற்காலியோடு சுழற்றிவிடுவார். பாதி மழித்த முகத்தோடு எத்தனை பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்களோ. வேலை முடிந்ததும் அக்கா "ஆச்சு" என்பாள். அந்தச் சொல் வராமல் யாரும் திரும்ப மாட்டார்கள். வெளிச்சம் நின்றுவிட்டாலும் மாட்டார்கள். ஏனென்றால் கசடு தட்டி முடிகிற வரை அக்காவின் கணக்கில் வேலை முடிந்ததாக இல்லை.

"ஆச்சு" சொன்ன பிறகும் அவள் கடையை விட்டுப் போக மாட்டாள். பொறி தெறித்த இடங்களைப் பார்த்துக்கொண்டு, மணல் வாளி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நெருப்பு தூங்குற மாதிரி நடிக்கும் பாப்பா. நாம எழுந்து போறமான்னு பாத்துக்கினு இருக்கும்" என்பாள்.

அவள் பயந்தது எல்லாம் நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் எதுவும் நடக்காது. டீசல் இருந்த இரும்பு பேரலை ஒருத்தர் கொண்டுவந்தார். அதை அறுத்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்ய வேண்டுமாம். அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கட்டை இடுப்புக்குப் போய்விட்டது. உள்ளே டீசல் ஆவி இருக்கும், பொறி பட்டால் வெடிக்கும், நன்றாகக் கழுவி வாடை போகாமல் இங்கே கொண்டுவராதே என்றாள். அவர் கோபமாக வேறு கடைக்குப் போய், அன்றைக்கே அறுத்து வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே எங்கள் வாசல் வழியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று காட்டினார்.

"சந்தோசம் நைனா. மாடு நல்லா தண்ணி குடிக்கட்டும்" என்றாள் அக்கா. மெய்யாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னாள். அவர் முகம்தான் சுருங்கியது.

நான் சொல்ல வந்தது ஜாத்திரை கதை.

எங்கள் தெருக்கோடி அம்மனுக்குக் கோடையில் ஜாத்திரை. அம்மன் சப்பரத்தில் தெருத்தெருவாகப் போய்க் கோயிலுக்குத் திரும்பும். அதுவரை பானை பானையாகக் காய்ச்சிய கேழ்வரகு அம்பலி அடுப்படியில் காத்திருக்கும், யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். வேண்டுதல் உள்ள ஆண்கள் புடவை கட்டி, சவுரி வைத்து, பூ வைத்து, பெண்ணாக வருவார்கள். கட்டிய வேஷத்தை அம்மனைக் கும்பிட்டு ஆரத்தி எடுத்துக்கொள்கிற வரை அவிழ்க்கக் கூடாது. கோயில் வாசலில்தான் எல்லாரும் அதைச் செய்வார்கள்.

அந்த வருஷம் மாமா கிளிப்பச்சையில் ஒரு நைலக்ஸ் புடவை எடுத்திருந்தார். விளக்குப் பட்டால் தண்ணீர் போல மின்னும். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட், இரண்டு கையிலும் கண்ணாடி வளையல், இடுப்பு வரை சவுரி, மஞ்சள் முகத்தில் காசு அகலக் குங்குமம், உதட்டுச்சாயம். "எனக்கு எடுத்த புடவை கூட இப்படிப் பளபளக்கல" என்று அக்கா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு அவளே அவருக்கு மூக்குத்தி ஒட்டிவிட்டாள். நானும் அன்று புடவைதான் கட்டியிருந்தேன். நாங்கள் மூவரும் கடை வாசலில் நின்று சப்பரத்துக்குக் காத்திருந்தோம்.

தப்பு மேளச் சத்தத்தோடு சப்பரம் வந்தது. எங்கள் கடைக்கு நேர் எதிரில், சாக்கடை மூடியின்மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியபோது இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில் பழைய ஒட்டு விட்டுப்போயிருந்தது. சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது. ஓடிப்போய்க் கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். தப்பு நின்றது. அம்மன் நடுத்தெருவில் நின்றுவிட்டது.

வெல்டர் வேஷத்தோடு வாசலிலேயே நிற்கும்போது யார் எங்கே தேட வேண்டும்? மாமா வளையல் குலுங்க உள்ளே போய் ஹோல்டரையும் ஒயரையும் இழுத்துக்கொண்டு வந்தார். சவுரியும் பூவும் இருப்பதால் ஷீல்டு முகத்துக்கு வராது, கண்ணை மூடிக்கொண்டு நாலு டேக் வைத்துவிடுகிறேன், கோயில் வரைக்கும் தாங்கும் என்றார். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு குந்தினார். ராடை இரும்பில் தொட்டார். பொறி வரவில்லை. திரும்பவும் தொட்டார். வரவில்லை.

தெருவே திரும்பி அக்காவின் இடுப்பைப் பார்த்தது. ஜாத்திரைக்கு எடுத்த புதுப் புடவையில், வெள்ளையாக, பியூஸ் கட்டை.

"குடு" என்றார் மாமா.

"புடவையை அவுரு, குடுக்கிறேன்."

சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. நைலக்ஸில் ஒரு பொறி விழுந்தால் அது எரிவதோடு நிற்காது, உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சவுரிக்கு நெருப்பு கன்னத்தில் ஏற ஒரு மூச்சு நேரம் போதும். அதற்குப் பக்கத்தில்தான் அந்த ஒற்றைக் கண் இருந்தது.

கோயில் பெரியவர் தெலுங்கில் சத்தம் போட்டார். ஆரத்திக்கு முன்னால் வேஷம் கலைத்தால் வேண்டுதல் குற்றம், அம்மன் நடுத்தெருவில் நிற்பது அதைவிடக் குற்றம், சீக்கிரம் கரண்டைக் கொடு என்றார். மற்ற வெல்டிங் கடையெல்லாம் ஜாத்திரைக்குப் பூட்டியாகிவிட்டது. கட்டைக்குப் பதிலாக ஒரு ஒயரை முறுக்கிப் போடலாம் என்று யாரோ யோசனை சொன்னார். கூட்டத்துக்குள்ளிருந்து இன்னொருத்தர், பயந்தாங்கொள்ளி பொம்பளையிடம் பியூஸைக் கொடுத்தால் இப்படித்தான் என்றார்.

"ஆமா, பயந்தாங்கொள்ளிதான். இன்னான்ற இப்போ?" என்றாள் அக்கா. ஒரு கையால் கட்டையைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

மாமா எழுந்து அவள் கிட்டே வந்தார். தெருவுக்குக் கேட்காத குரலில் பேசினார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"வேண்டுதல் வச்சது நீதான். பாதியில அவுத்தா இதுவும் போயிடுமோன்னு பயமாக் கீது எனக்கு."

மாமா வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அக்காவும் முதல் தடவையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். அவள் முகமே மாறிவிட்டது. ஒரே கண்ணுக்காகத்தான் இரண்டு பேரும் பயந்தார்கள். அவள் பொறிக்கு, அவர் அம்மனுக்கு.

அக்கா நிமிர்ந்து சப்பரத்தைப் பார்த்தாள். பெரிய பெரிய வெள்ளிக் கண்களோடு அம்மன் எங்கள் கடைப் பலகையைப் பார்த்தபடி சாய்ந்து நின்றது.

"அம்மா எங்க நிக்கிறாங்க?" என்றாள்.

"நம்ம வாசல்ல" என்றார் மாமா.

"நீ அவங்க வாசலுக்குப் போவணும்னுதானே நானு வேண்டிக்கினேன். அவங்களே உன் வாசலுக்கு வந்து நிக்கிறாங்களே. இங்கயே கும்புடு. ஆரத்திய எடுத்துக்கோ. உள்ள போயி பேன்ட்டப் போட்டுக்கினு வா."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பூசாரி கற்பூரத்தை ஏற்றிவிட்டார். சாய்ந்த சப்பரத்தில் அம்மனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரம் வேர்த்துக் கொட்டியவர் அவர்தான். மாமா நடுத்தெருவில், கிளிப்பச்சைப் புடவையில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இல்லாத கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். கூட்டம் கோவிந்தா போட்டது. அம்மனுக்கு எதற்குக் கோவிந்தா என்று கேட்காதீர்கள், திருப்பதியில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

மாமா உள்ளே போனதும் அக்கா வேலையில் இறங்கினாள். சப்பர விளக்குக்கு ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தவைத்தாள். அதன் பக்கத்தில் யாரோ வைத்திருந்த பெட்ரோல் கேனை முடிவெட்டும் கடைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். சக்கரத்தைச் சுற்றித் தொங்கிய சாமந்தி மாலையை, தென்னை நாரை, ஜரிகைத் துணியை எல்லாம் அவிழ்த்தாள். அவிழ்க்க முடியாத துணியைத் தகரத்தால் மறைத்தாள். குனிந்து, உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கிளாம்பைக் கடிக்க விட்டாள். மணல் வாளியை என்னிடம் கொடுத்தாள். மாமா வெளியே வந்தார். முழுக்கை பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஏப்ரன், கையுறை, ஷூ, கையில் ஷீல்டு. சவுரியும் பூவும் இல்லை. முகம் மட்டும் அப்படியே. மஞ்சள், குங்குமம், உதட்டுச்சாயம், மூக்குத்தி. அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்த பெரியவர்கூடச் சிரித்துவிட்டார்.

எல்லாம் சரி என்று நினைத்தபோது அக்கா மறுபடி மேலே பார்த்தாள்.

"திரையை இழு சாமி."

பூசாரிக்குப் புரியவில்லை. எதற்கு என்றார்.

"அவங்களுக்கும் கண்ணு கீதில்ல?"

பூசாரி அம்மனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சிவப்புத் திரையை இழுத்து மூடினார்.

அக்கா கட்டையைப் போர்டில் பொருத்தினாள். மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டாள். வாசலுக்கு வந்து அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். "திரும்பு! திரகண்டி!"

எங்கள் தெருக்காரர்கள் சட்டென்று திரும்பினார்கள். வெளித்தெருவிலிருந்து வந்தவர்கள் ஒன்றும் புரியாமல் அவர்களைப் பார்த்துத் திரும்பினார்கள். தப்புக்காரர்கள் திரும்பினார்கள். பெரியவர் திரும்பினார். பூசாரி திரையைப் பார்த்து நின்றுகொண்டார். மணல் வாளியோடு நானும் திரும்பினேன். என் முன்னால் தெரு முழுக்க முதுகுகள். பாதி முதுகுகளில் சவுரியும் மல்லிகையும் தொங்கின. பின்னால் ராடு தொட்ட சத்தம் வந்தது. எல்லாப் புடவைகளிலும் நீல வெளிச்சம் துடித்தது.

வெளிச்சம் நின்றது. யாரும் திரும்பவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம், ஒரு இருமல் இல்லை. இரும்பு ஆறுகிற முறுமுறுப்புக் கேட்டது.

"கண்ணாடி" என்றாள் அக்கா.

மாமா சுத்தியால் தட்டுகிற சத்தம் கேட்டது. டிக், டிக், டிக். நின்றது. துடைக்கிற சத்தம். மறுபடி ஒரு தட்டு. அப்புறம் எதுவும் இல்லை.

"ஆச்சு."

அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது போலத் தப்பு அத்தனையும் ஒன்றாக அதிர்ந்தது. கூட்டம் வடத்தைப் பிடித்தது. சக்கரம் முனகாமல் உருண்டது. மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சப்பரம் டீக்கடையைத் தாண்டிய பிறகுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. "திரையைத் திற சாமி!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டதோ.

அவள் போகவில்லை. மெயினை அணைத்து, கட்டையைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தெருவில் பூவும் நாரும் காகிதமும் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றின்மேலும் பொறி தெறித்திருந்தது. தப்புச் சத்தம் தூரமாகப் போகப்போக அவள் பாதம் தரையில் தாளம் போட்டது. கண் மட்டும் தரையிலேயே இருந்தது. வருஷம் முழுக்க இந்த நாளுக்குக் காத்திருந்தவள் அவள். அம்மனை நேராக ஒருமுறை கும்பிடவும் இல்லை. கும்பிட வேண்டிய நேரத்தில் திரை போட்டவளே அவள்தான்.

"நீ போக்கா. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

என்னைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். எனக்கு வொர்க்‌ஷாப்பில் முதல் மார்க்கு என்பது அவளுக்குத் தெரியும், அதை அவள்தான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் இது மார்க்கு விஷயம் இல்லை. இடுப்பிலிருந்து கட்டையை உருவி என் கையில் வைத்தாள். அதற்கு முன்னால் அதை அவள் யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"யாரு கேட்டாலும் குடுக்காத. அந்த மனுசனே வந்து கேட்டாலும் குடுக்காத" என்றாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பையும் மறந்து, தெருவில் ஓடினாள். அக்கா ஓடி அன்றுதான் பார்த்தேன்.

நான் கட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பித்தளைக் காது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாக்கடை ஓரத்தில், தென்னை நார்க் கொத்து ஒன்றிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. நான் எழுந்து போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது போல. வாளி மணலை அதன் தலையில் கொட்டினேன்.

இப்போது சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். முதல் நாள் வகுப்பில் ஒன்று சொன்னார்கள். மிஷினைத் தொடுமுன் கரண்டை நிறுத்திப் பூட்டுப் போட வேண்டும், சாவியைப் பூட்டியவரே தன் இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும், மேலதிகாரி கேட்டாலும் தரக் கூடாது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார்கள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

ஜாத்திரை அன்று, நான் கட்டையோடு காவல் இருந்தபோதே மாமா திரும்பி வந்தார். போட்டோ எடுக்க வேண்டுமாம், உள்ளே போய்க் கிளிப்பச்சைப் புடவையை மறுபடி கட்டிக்கொண்டு, சவுரியோடு, வளையலோடு வெளியே வந்தார். வந்தவர் போர்டைப் பார்த்தார். கோயில் கேட்டில் கொக்கி ஒன்று ஆடுகிறதாம்.

"பாப்பா, ஒரே ஒரு டேக்கு. கண்ண மூடிக்கினு வச்சிடுவேன். கட்டை எங்க?"

"ஷீல்டு எங்க மாமா?" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண் மெல்ல இறங்கி என் இடுப்பில் வந்து நின்றது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சவுரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தப்புச் சத்தம் வந்த திசையைப் பார்த்து, தெருவே கேட்கும்படி சிரித்தார்.

"ஒரு கண்ணு இருக்கிறவனுக்கு எத்தினி பியூஸ் கட்டை தாயே" என்றார்.